பிரார்த்தனை வராத நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முப்பது ஆண்டுகள் நாள் தவறாமல் பிரார்த்தனை செய்தவள் நான். என் தம்பி எட்டு மாதம் நோயில் கிடந்து இறந்தான். அதன்பின் பிரார்த்தனைக்கு அமர்ந்தால் சொற்கள் வெறும் ஒலியாக இருக்கின்றன. “உன் நம்பிக்கை முதலிலிருந்தே போலி” என்கிறாள் தோழி. “இந்தத் துயரம் உன்னைப் பக்குவப்படுத்துகிறது” என்கிறார்கள் உறவினர்கள். எது உண்மை? எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவிடவா?

எம்.

அன்புள்ள எம்.,

எது உடைந்தது என்று முதலில் பாருங்கள். உலகம் பொதுவாக நல்லது, நடப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, நான் நல்லது நடக்கத் தகுதியானவள். மனிதர்கள் இந்த மூன்றையும் சொல்லாமலே நம்பி வாழ்கிறார்கள் என்று உளவியலாளர் ரோனி ஜானஃப்-புல்மன் 1992-ல் எழுதினார். பேரிழப்பின் அடி பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. ‘கடவுள் இருக்கிறார்’ என்பது ஒன்று. ‘நான் பிரார்த்தித்தால் என் தம்பிக்கு எதுவும் ஆகாது’ என்பது வேறு. இரண்டும் முப்பது ஆண்டுகளாக ஒரே கயிறாக முறுக்கிக் கிடந்தன. இரண்டாவது இழை அறுந்துவிட்டது. முதலாவது இருக்கிறதா என்பது, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

உறவினர்கள் சொல்லும் பக்குவத்தை, அதாவது துயரத்துக்குப் பின் வரும் வளர்ச்சியை, அளக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும் 1996-ல் 21 கேள்விகள் கொண்ட ஒரு அளவையை வெளியிட்டார்கள். ஆன்மிக மாற்றமும் அதில் ஒரு பகுதி. ஆனால் உளவியலாளர் பட்ரிசியா ஃப்ரேசியர் குழுவினர் 2009-ல் மாணவர்களைத் துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்தபோது, ‘நான் வளர்ந்திருக்கிறேன்’ என்று அவர்கள் சொன்னதும் உண்மையில் மாறியிருந்ததும் பெரும்பாலும் பொருந்தவில்லை. இன்றைய மனநிலையிலிருந்து பழைய நம்மை நினைவுகூர்ந்தால் உருவம் மாறிவிடுகிறது. ‘முதலிலிருந்தே போலி’ என்ற தீர்ப்பை நான் ஏற்காததற்கும் இதுதான் காரணம். அன்று நீங்கள் பிரார்த்தித்தது அன்றைக்கு உண்மை.

ஆகவே நினைவை நம்பாமல் எழுதி வையுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் 1986-ம் ஆண்டுச் சோதனையில், மனதை வருத்திய நிகழ்ச்சியைப் பற்றி 15 நிமிடம் வீதம் நான்கு நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். அதே முறை போதும். நிகழ்ச்சியை மட்டும் எழுதாதீர்கள், உணர்ச்சியை மட்டும் கொட்டவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து வர வேண்டும். நான்காம் நாள், ‘இன்று நான் நம்புவது’, ‘இன்று நம்ப முடியாதது’ என்று தனித்தனியாக எழுதித் தேதியிட்டு மூடிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் கனக்கும், அது இயல்பு. மணிக்கணக்கில் தணியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். தூக்கமும் பசியும் எதிலும் ஈடுபாடும் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாதிருந்தால் மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு நம்பிக்கையிழப்பு போலவே தோன்றும்.

வீட்டில் இப்போது எதையும் அறிவிக்க வேண்டாம். அறிவித்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும், யோசிக்க இடமிருக்காது. கேட்டால் “இப்போது பிரார்த்தனை வரவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். அது முழு உண்மை. வழக்கமான நேரத்தில் அமர விருப்பமிருந்தால் அமருங்கள். சொற்களைக் கட்டாயப்படுத்தாமல், தம்பியை நினைத்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து வாருங்கள்.