கேபிபாரா குட்டிக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் ஆறு மாதமாகக் கேபிபாரா (தென் அமெரிக்காவின் பெரிய கொறிவிலங்கு) வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வாட்ஸ்அப்பில் ஒருவர், குட்டி இருக்கிறது, பரிவேஷ் சான்றிதழோடு தருகிறேன், பாதிப் பணம் முதலில் போடுங்கள் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

அந்தச் சான்றிதழே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. பரிவேஷ் என்ற மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத் தளத்தில் பதிவு செய்வது, ‘சைட்டிஸ்’ என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை. பச்சை இகுவானா அதில் உண்டு, கேபிபாரா இல்லை. பட்டியலில் இல்லாத விலங்குக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? இதைக் கேட்டால், “பட்டியலில் இல்லையென்றால் தடையும் இல்லை சார்” என்பார். அதையும் நம்பாதீர்கள். காட்டு விலங்கை உயிரோடு இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், நோய்த் தடுப்புக்காகத் தனியே வைத்துச் சோதிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் அடைத்து வரும் உயிர்கள் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. அதைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால் கேட்க நாதியில்லை. செல்லப்பிராணிக் கடைகளைப் பதிவு செய்ய 2018-லேயே விதி வந்தாயிற்று. பதிவுச் சான்று மாட்டிய கடையை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் அனுப்பிய படத்தை உற்றுப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிறதா? அப்படியானால் அது கினிப் பன்றி, வீட்டில் வளர்க்கும் சின்னக் கொறிவிலங்கு. கேபிபாரா பிறக்கும்போதே ஒன்றரைக் கிலோ இருக்கும். இரண்டுக்கும் வால் கிடையாது, முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. கேபிபாராவுக்கு மட்டும் விரலிடையில் சவ்வு இருக்கும்.

நிஜமாகவே கிடைத்தாலும் வேண்டாம். வளர்ந்தால் 50 கிலோ. வெனிசுவேலாவின் புல்வெளிகளிலும் பிரேசிலின் பண்டனால் சதுப்பு நிலத்திலும் பத்து இருபதாகக் கூடி வாழ்வது. தண்ணீர் இல்லாவிட்டால் தோல் வறண்டுவிடும், அந்தத் தண்ணீரிலேயே மலமும் கழிக்கும். மொட்டை மாடித் தொட்டியை எத்தனை நாள் இறைப்பீர்கள்?

சரி, பிள்ளை அழுகிறாள். அதே குடும்பத்துக் கினிப் பன்றியை முறையாகப் பதிவான கடையில் வாங்கிக் கொடுங்கள். தனியாக விட்டால் ஏங்கிப்போகும், அதனால் இரண்டு பெண் குட்டிகளாக வாங்குங்கள். கேபிபாராவைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. குறைந்தால் மூட்டு வீங்கி, நடக்க மறுத்து மூலையில் ஒடுங்கிவிடும். காலமெல்லாம் பல் வளர்வதால், கடித்துத் தேய்க்கக் காய்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும். கூடவே தினமும் குடைமிளகாய்த் துண்டு, அவ்வப்போது கொஞ்சம் கொய்யா. அப்புறம், சித்திரை வெயிலில் கூண்டை வீட்டுக்குள், மின்விசிறி ஓடும் அறையில் வையுங்கள்.