21 மி.மீ. தண்டவாளம் கண்காட்சிக்குப் போகிறது: ஐந்து மாதங்களில் என்ன செய்வது?

கேள்வி: டப்ளினில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். 1950களின் பிற்பகுதியில் மேற்கு அயர்லாந்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு கற்பனைக் கிளைப்பாதை நிலையத்தை மாதிரி ரயிலாக, நிஜத்தின் ஒரு அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில், 21 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் நான்கு ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். நான்கு பலகைகள், மொத்த நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். வீட்டில் ஒழுங்காகவே ஓடுகிறது. உள்ளூர் மாதிரி ரயில் சங்கம் ஒன்று தன் இரண்டு நாள் கண்காட்சிக்கு அழைத்திருக்கிறது. ஐந்து மாதங்கள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்க வேண்டும்? கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "வீட்டில் ஒழுங்காகவே ஓடுகிறது" என்ற வாக்கியம்தான். வீட்டில் எந்தப் பாயிண்டில் (பாதை பிரியும் இடத்தில்) எந்த வேகன் தடுமாறும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே அந்த வேகனை அந்தப் பக்கம் அனுப்பாமல் இருந்துவிடுகிறோம், அல்லது நம்மை அறியாமலே விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். கண்காட்சி அரங்கிலோ, பலகைகள் கழற்றப்பட்டு, வேனில் குலுங்கி வந்து, வேறொரு வெப்பநிலையில் மறுபடி பூட்டப்பட்டு, நாளுக்கு ஆறேழு மணிநேரம் பிறர் கண்முன் இடைவிடாமல் ஓட வேண்டும். ஆகவே புதிதாக எதையும் கட்டாமல், இந்த வாரமே லேஅவுட்டை, அதாவது இந்த மாதிரிப் பாதையை, முழுவதுமாகக் கழற்றி, வாசல்வரை தூக்கிச் சென்று, திரும்பக் கொண்டுவந்து பூட்டி, இரண்டு மணிநேரம் ஓட்டிப் பாருங்கள். தடம்புரளும் ஒவ்வொரு முறையும் எந்த வண்டி, எந்த இடம், எந்தத் திசை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரே இடத்தில் பல வண்டிகள் புரண்டால் குற்றம் தண்டவாளத்தில். ஒரே வண்டி பல இடங்களில் புரண்டால் குற்றம் அந்த வண்டியில். ஐந்து மாதங்களுக்குள் இதை மூன்று முறையாவது செய்துவிட வேண்டும்.

பெரும்பாலான குற்றங்கள் பலகைகளின் இணைப்பில்தான் வெளிப்படும். போல்ட் பலகைகளை இறுக்கிப் பிடிக்க மட்டுமே உதவும். அவற்றைச் சரியான இடத்தில் உட்காரவைப்பது பித்தளையில் செய்த ஆண்-பெண் இணைப்புக் குமிழ்களின் வேலை. போல்ட்டின் துளையில் அரை மில்லிமீட்டர் தளர்வு இருந்தால்கூட உங்கள் சக்கர விளிம்பின் ஆழத்தையே அது விழுங்கிவிடும். இணைப்பின் இருபுறமும் தண்டவாள முனைகளைப் பசையால் ஒட்டாமல், பலகையில் முறுக்கிய பித்தளைத் திருகின் தலையிலோ செப்புப்பூச்சுள்ள குறுக்குக் கட்டையிலோ ஈயப்பற்று வைத்து நிறுத்துங்கள். தூக்கும்போது சட்டையின் கை மாட்டினாலும் தண்டவாளம் அசையாது. முனைகளுக்கு இடையே சிறு இடைவெளியும் வேண்டும். நிக்கல் வெள்ளித் தண்டவாளம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 15 பாகை வெப்ப உயர்வில், ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீள்கிறது. என் முதல் கண்காட்சியில், குளிர்ந்த கொட்டகையில் முனையோடு முனை முட்ட வெட்டிப் பதித்திருந்த தண்டவாளம், ஜன்னலோரம் இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் வெயிலில் நீண்டு, ஒரு மூலையில் வில்லாக வளைந்து நின்றது. இரண்டாம் நாள் முழுவதும் பாதி நிலையத்தை மட்டுமே ஓட்டினேன்.

அடுத்தது சக்கரம். 21 மி.மீ. என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே நியமத்தைச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிஜ அளவுகளை நெருக்கமாகப் பின்பற்றும் பி4 நியமத்தை அயர்லாந்து அகலத்துக்கு விரித்தவர்களின் கிராஸிங்கில் (ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் கடக்கும் இடத்தில்) சக்கர விளிம்பு செல்லும் இடைவெளி 0.68 மி.மீ.; அவர்களுடைய சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 19.9 மி.மீ. சற்றுத் தாராளமான இ.எம். நியமத்தை விரித்தவர்களுக்கு அதே இடைவெளி 1 மி.மீ.; உட்தூரம் 19.3 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும், தனித்தனியே நன்றாகவும் ஓடும். ஆனால் கலக்கவே கூடாது. பி4 கிராஸிங்கில் காப்புத் தண்டவாளத்துக்கும் (சக்கரத்தை உட்புறமிருந்து வழிநடத்துவது) எதிர்ப்புறத்து இறகுத் தண்டவாளத்துக்கும் (கிராஸிங்கின் முனையருகே வளைந்து செல்வது) இடைப்பட்ட தூரம் 21-இலிருந்து இரண்டு 0.68-ஐக் கழித்த 19.64 மி.மீ.; 19.3 உட்தூரமுள்ள சக்கர ஜோடி இவ்விரண்டையும் தன் நடுவே அடக்க முடியாமல் மேலேறிவிடும். மறுபுறம், 2 மி.மீ. அகலமே உள்ள பி4 சக்கரம் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கிராஸிங்கைக் கடக்கும்போது, நடுவில் தாங்குவாரின்றிப் பள்ளத்தில் இறங்கி எழும். கண்காட்சியில் நண்பர் ஒருவர் "என் வேகனையும் ஓட்டுங்களேன்" என்று அன்போடு நீட்டும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். உங்கள் நியமத்துக்கு ஏற்ற உட்தூர அளவுக்கட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உங்களுடையது உட்பட ஒவ்வொரு அச்சையும் சனிக்கிழமை காலையில் ஒருமுறை அளந்துவிடுங்கள், ஏனெனில் அழுத்திப் பொருத்திய சக்கரங்கள் பயணத்தில் நகர்வது உண்டு.

16.5 மி.மீ. பாதைக்காகச் செய்த வேகன் கிட்டுகளை (பாகங்களாக வாங்கிப் பொருத்துபவை) 21 மி.மீ.க்கு விரித்திருக்கிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவற்றின் கூர்முனை அச்சு பொதுவாக 26 மி.மீ. நீளமே. உட்தூரம் 19.9, இருபுறமும் 2 மி.மீ. சக்கரம் என்றால் மொத்தம் 23.9 ஆகிறது, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டரே மிஞ்சுகிறது. அந்த இடைவெளியில் சக்கரத்தின் முகம் அச்சுத் தாங்கியின் உட்புறத்தில் உரசும். வீட்டில் அது "கொஞ்சம் இறுக்கமாக ஓடும் வண்டி", கண்காட்சியின் நான்காம் மணியில் அது புரளும் வண்டி. தாங்கிகளைத் தள்ளிவைத்து நீளமான அச்சு போடுவதே முறையான தீர்வு. அதோடு, நான்கு சக்கர வேகன் ஒவ்வொன்றையும் 50 கிராம் எடைக்குக் கொண்டுவந்து, ஒரு அச்சையாவது ஊசலாடவிட்டோ வில்லில் நிறுத்தியோ நான்கு சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டிருக்கும்படி செய்யுங்கள்.

எந்த ரயில்களைக் கொண்டுபோவது என்பதில், குறைவாகக் கொண்டுபோவதையே நான் ஆதரிப்பேன். நீங்கள் தேர்ந்த காலம் இதற்கு மிகவும் தோதானது. 101 வகை என்றும் பின்னாளில் ஜே15 என்றும் அறியப்பட்ட ஆறு சக்கர நீராவி எஞ்சின்கள் 1866 முதல் 1903 வரை 111 கட்டப்பட்டன. 1950களின் இறுதியிலும் அவை கிளைப்பாதைகளில் உழைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் சிலிண்டர்கள் சட்டகத்துக்கு உள்ளே இருப்பவை. அகலப் பாதையில் சக்கரம் வெளியே தள்ளும்போது வெளிச் சிலிண்டரோடும் இணைதண்டோடும் மோதும் தொல்லை இதனால் இல்லை. மாறாக, விரிந்த சட்டகத்துக்குள் மோட்டாருக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் தாராளமான இடம் கிடைக்கிறது. அயர்லாந்து நீராவி எஞ்சினை 21 மி.மீ. பாதையில் கட்டுவது 16.5 மி.மீ. பாதையில் கட்டுவதைவிட எளிது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான். 1955 முதல் வந்த மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் 'ஏ' வகை டீசல் எஞ்சின் ஒன்றை வெள்ளி நிறத்தில் அதனருகே நிறுத்தினால், ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்குவது விளக்கம் இல்லாமலே புரியும். அயர்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.இ.யில் நீராவி 1963-இல் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 121 வகை டீசல் எஞ்சின் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது வந்தது 1961-இல். உங்கள் அறிவிப்புப் பலகை 1950கள் என்றால் அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

சரக்கு ரயிலுக்கும் பருவம் உண்டு. மேற்கு அயர்லாந்தின் டூவம் ஊரில் 1934-இல் தொடங்கிய சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு போவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும்தான். உங்கள் மரங்கள் தழைத்துப் பச்சையாக நிற்கின்றன என்றால் பீட் வேகன்கள் பொருந்தா. சந்தை நாளின் கால்நடை ரயில் பொருந்தும். காலி வேகன்கள் வந்து நிற்பது, எஞ்சின் அவற்றை மேடைக்குத் தள்ளுவது, ஏற்றிய ரயில் டப்ளின் துறைமுகத்தை நோக்கிப் புறப்படுவது என்று அதில் இருபது நிமிட வேலையும் இருக்கிறது. இப்படி ஏழெட்டு நகர்வுகளை எண்ணிட்ட அட்டைகளில் எழுதி வரிசையாக ஓட்டுங்கள்; கடைசி அட்டை முடிந்ததும் எல்லா வண்டியும் முதல் அட்டையின் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். மூன்று வளையச் சங்கிலி இணைப்பைக் கொக்கியால் மாட்டுவது வீட்டில் இன்பம்தான். அரங்கில், அரை வெளிச்சத்தில், யாரோ ஒருவருடைய குழந்தை மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது வதை. ரயிலின் இரு முனைகளிலும் மட்டும் காந்தத்தால் கழலும் இணைப்பு ஒன்றைப் பொருத்தி, நடுவில் சங்கிலியை விட்டுவைப்பது நல்ல சமரசம்.

ஆட்கள் நான்கு பேர் வேண்டும். ஒருவர் நிலையத்தில், ஒருவர் பின்னால் ரயில்களை அடுக்கும் இடத்தில், ஒருவர் முன்னால் பொதுமக்களோடு பேச, ஒருவர் ஓய்வில். எஞ்சின் ஓட்டிக்கொண்டே கேள்விக்குப் பதில் சொல்வது எவருக்கும் இயலாது. இரண்டில் ஒன்று கெடும், பெரும்பாலும் இரண்டுமே கெடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1834-இல் திறந்த டப்ளின்-கிங்ஸ்டவுன் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம், 1839-இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம், டப்ளின்-டிராஹெடா பாதைக்குத் திட்டமிட்டதோ 5 அடி 2 அங்குலம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பு பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியத்தைச் சேர்ந்த ஜெனரல் பாஸ்லியிடம் வந்தது; 5 அடி 3 அங்குலம் என்று முடிவாகி, 1846-இல் சட்டமும் ஆயிற்று. 1,600 மி.மீ. ஆகிய அது இன்றுவரை அயர்லாந்தின் அகலம். நம் ஊரில் அகலப்பாதை என்றால் 1,676 மி.மீ. என்பதால், அயர்லாந்தின் அகலப்பாதை நம்முடையதைவிட 76 மி.மீ. குறுகியது என்பதைத் தமிழ் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் இந்த அளவில் 4 அடி 1½ அங்குலத்தைத்தான் குறிக்கிறது. அயர்லாந்துப் பாதையோடு ஒப்பிட்டால் ஒரு அடிக்கு மேல் குறைவு.

ஆனால் இந்தக் கணக்கை அரங்கில் ஒப்பிக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குத் தண்டவாளத்தின் அகலம் தெரியாது என்பதுதான் நம் சிக்கல்; நான்கு ஆண்டு உழைப்பும் எஞ்சினை நேர்முகமாகப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். ஆகவே லேஅவுட்டின் முடிவுத் தடுப்பு இருக்கும் முனையை மூடாமல், பார்வையாளர்கள் சுற்றிவந்து பாதையின் நீளவாக்கில் பார்க்கும்படி ஏற்பாட்டாளரிடம் இடம் கேளுங்கள். முன்பலகையில் இரண்டு கைச்சாண் நீளத்துக்கு 21 மி.மீ. தண்டவாளமும் அதனருகே 16.5 மி.மீ. தண்டவாளமும் பதித்து, ஒரே வகை வேகன் இரண்டை நேர்முகமாக நிறுத்திவையுங்கள். கேட்டவர் தானே குனிந்து பார்த்துவிட்டு "அடடே" என்பார். அதற்குப் பிறகும் ஏன் என்று கேட்பவரிடம் பாஸ்லியின் கதையைச் சொல்லலாம், மற்றபடி 16.5-இல் கட்டுபவரைக் குறைத்துப் பேசாதீர்கள், அடுத்த மேசையில் இருப்பவர் அப்படித்தான் கட்டியிருப்பார்.

மீதியெல்லாம் கடிதப் போக்குவரத்து. லேஅவுட்டின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, மின் இணைப்பு, காப்பீட்டு மதிப்பு, வேன் வாடகை ஆகியவற்றை ஏற்பாட்டாளரிடம் இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் படும் எதுவும் பலகையின் அடியில் இருக்கக் கூடாது. மின்மாற்றி வெளியே, மூடிய பெட்டியில், சோதனைச் சான்றோடு இருக்கட்டும். விளக்கையும் உங்களுடையதையே கொண்டுபோங்கள், அரங்கத்தின் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். பலகையின் உயரம் 1.1 மீட்டருக்குள் இருந்தால் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்ப்பார்கள். குழந்தைகள் ஏறி நிற்க ஒரு முக்காலி போதும். ஞாயிறு மாலை எல்லோரும் களைத்து, வேன்காரர் வாசலில் காத்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெட்டியில் எது போகும் என்று யோசிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்ளேயும் அதில் இருக்க வேண்டியவற்றின் பட்டியலை முதல் ஒத்திகையிலேயே ஒட்டிவிடுங்கள்.