சிடிஐ வாங்குவதற்கு முன்னால்...

கேள்வி: ஐயா, நானும் தம்பியும் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறோம். எங்களுடையது 9.9 எச்பி மண்ணெண்ணெய் அவுட்போர்டு என்ஜின், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐப்பசியில் கரையேற்றி வைத்தோம். தை பிறந்து இறக்கினால் கிளம்பவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக், "கரண்ட் வரவில்லை, சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பெட்டி) போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்கிறார். போட்டால் ஓடுமா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். வாங்கலாமா, இல்லை என்ஜினையே தள்ளிவிட்டு வேறு பார்ப்பதா? அப்புறம், பணத்தைக் கொட்டியும் ஓடாவிட்டால் எங்கே முறையிடுவது?
(வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: "பார்க்கலாம்" என்ற பதிலுக்கு சிடிஐ வாங்காதீர்கள். பிரித்து மாட்டிய எலெக்ட்ரிக் சாமானைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். பழுது இதுதான் என்று உறுதியான பிறகே காசை எடுங்கள்.

இந்த வகை என்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். ஐப்பசியில் கடைசியாகக் கரைக்கு வந்தபோது என்ஜினை எப்படி நிறுத்தினீர்கள்? மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தில் இப்போதும் அதுதான் நிற்கும். பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். ஆறிப்போன என்ஜினில் அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை இழுத்தாலும் பிளக் நனையுமே தவிர என்ஜின் பிடிக்காது. கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். வடிவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கினாலோ, பழுப்பாகத் தூள் மிதந்தாலோ கார்பரேட்டரைக் கழற்றி, எரிபொருள் வரும் சிறு துளையான ஜெட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

மழைக்கு முன் வாங்கி மிச்சமிருக்கும் பெட்ரோலையும் ஊற்ற வேண்டாம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கடற்கரைக் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். நாள்பட்டால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். புதுப் பெட்ரோல் வாங்கி, என்ஜினுக்குச் சொன்ன அளவில் டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துகொள்ளுங்கள்.

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் கை பல்பை அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே இல்லையென்றால் குழாயிலோ கனெக்டரிலோ காற்று இழுக்கிறது.

இனி மெக்கானிக் சொன்ன கரண்ட். எண்ணெயில் ஊறிக் கரி பிடித்த பிளக்கை வைத்துப் பார்த்தால் நல்ல சிடிஐகூடச் செத்தது போலத்தான் தெரியும். அதனால் புது பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜின் பிளாக்கில் நன்றாகப் படும்படி வைத்து, கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள், கழற்றிய பிளக் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். பொறி நீலமாகச் 'சட்'டென்று அடித்தால் சிடிஐயில் குறையில்லை.

அடிக்கவில்லையா? அப்போதும் அவசரம் வேண்டாம். முதலில் ஸ்டாப் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தச் சுவிட்சிலிருந்து சிடிஐக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அந்தச் சுவிட்ச் என்ஜினை நிறுத்துவதே கரண்டை எர்த் செய்துதான். உப்பேறி உள்ளே அரித்துப்போனால் அது எப்போதும் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். ஒயரைக் கழற்றியதும் பொறி வந்தால் மாற்ற வேண்டியது சிடிஐ அல்ல, சுவிட்ச். சிடிஐயோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம். ஆனால் ஒயர் இல்லாமல் என்ஜினை ஓட்டாதீர்கள், நிறுத்த முடியாமல் போகும்.

அதற்கும் பொறி வராவிட்டால், பக்கத்துப் படகில் இதே மாடல் ஓடினால் அவருடைய சிடிஐயைக் கேட்டு வாங்கிச் சற்றுநேரம் மாட்டிப் பாருங்கள். கடலோரத்தில் இந்த உதவியை யாரும் மறுக்க மாட்டார்கள். பொறி வந்தால் உங்கள் சிடிஐதான் போயிருக்கிறது, புதிது வாங்கலாம். அப்போதும் பொறி வரவில்லை என்றால் காயிலையோ ஒயரையோ சந்தேகப்பட வேண்டும்.

என்ஜினை வைத்துக்கொள்வதா தள்ளிவிடுவதா என்பதை நான் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை) வைத்துத்தான் சொல்வேன். ஸ்டாப் கிளிப்பை எடுத்துவிட்டு, எல்லா பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்களுடையது இரண்டு சிலிண்டர் என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்து, அளவும் அந்த மாடலுக்கு உரியதாக இருந்தால் தைரியமாகச் செலவு செய்யலாம். ஒன்று மட்டும் மிகவும் இறங்கியிருந்தால் ரிங், பிஸ்டன் வேலை வரும். அந்தச் செலவோடு சிடிஐ செலவும் சேர்ந்தால் வேறு என்ஜின் பார்ப்பதே நல்லது.

கிளம்பினால் வெறும் கரையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். கியர் பெட்டிக்கு மேலேயுள்ள தண்ணீர் இழுக்கும் துளைகள் முழுகும்படி டிரம்மில் நிறுத்தி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால், என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் ரப்பர் சீக்கிரமே கருகிவிடும். இனிமேல் கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றி, குழாயிலும் கிண்ணத்திலும் உள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

முறையீடு பற்றிக் கேட்டீர்கள். மீன்பிடி தொழில்தானே, நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எனவே புது உதிரிபாகம் குறையுள்ளதாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். எதற்கும் பில் வேண்டும். பாகத்தின் எண்ணும் தேதியும் அதில் இருக்கட்டும், கழற்றிய பழைய சிடிஐயையும் மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.