ஃப்ளாரன்ஸ் போறீங்களா? நடந்து பாக்க ஒரு கைடு வேணுமா? - வாசகர் கேள்வி பதில்

கே: ஜெர்மனில இருக்குற பொண்ணு எங்களை ரெண்டு நாள் இத்தாலிக்கு, ஃப்ளாரன்ஸுக்கு கூட்டிட்டு போறா. ப்ரைவேட் கைடு வச்சு நடந்தே ஊரை சுத்தலாம்னு சொல்றா. செலவு ஜாஸ்தியா தெரியுது. போன்லயே எல்லாம் போட்டிருக்கே, கைடு அவசியமா? - வாசகி, கோவை

ப: அம்மா, ரெண்டு நாளுக்கும் வேணாம். ஆனா முதல் நாள் காலைல ஒரு மூணு மணி நேரத்துக்கு கண்டிப்பா வைங்க. ப்ரைவேட் டூர்னா பெரும்பாலும் ஆளுக்கு இவ்ளோன்னு கிடையாது, உங்க குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ரேட்டுதான், அதனால நாலு பேரா போனா தலைக்கு வர்ற செலவு நீங்க பயப்படுற அளவுக்கு இருக்காது. மியூசியம் டிக்கெட் அதுல சேர்த்தியா, தனியான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க.

ஏன் வேணும்னு சொல்றேன்னா, ஃப்ளாரன்ஸோட பாதி கதை தெருவுலதான் இருக்கு, அதை கை காட்டி சொல்ல ஆள் இல்லன்னா அப்படியே தாண்டிப் போயிடுவோம். பெரிய கதீட்ரலுக்குப் பின்னாடி தரைல வட்டமா ஒரு வெள்ளை பளிங்குக்கல் பதிச்சிருக்கும். நானூறு வருஷத்துக்கு முன்னாடி இடி விழுந்து கும்மட்டத்து உச்சியில இருந்த செம்புக் குண்டு உருண்டு விழுந்த இடம் அது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதை மிதிச்சிட்டே போறாங்க. பழைய மாளிகை சுவத்துல சின்னதா வளைவு வச்ச ஒரு பொந்து தெரியும், ஏதோ மாடம்னு நினைப்போம், ஆனா அந்தக் காலத்துல பணக்காரக் குடும்பங்க தங்களோட தோட்டத்து வைனை அது வழியாத்தான் தெருவுல வர்றவங்களுக்கு வித்திருக்காங்க. சில சுவத்துல நம்ம தலைக்கு மேல ஒரு கோடும் தேதியும் இருக்கும், 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆறு பொங்கி ஊருக்குள்ள வந்தப்ப தண்ணி நின்ன உயரம் அது.

அந்த கதீட்ரல் கும்மட்டத்தையே எடுத்துக்கங்க. 1420ல ஆரம்பிச்சு 1436ல முடிச்சாங்க, கட்டினவர் புருனெல்லெஸ்கி. தரைல இருந்து மர சாரம் கட்டி வளைவைத் தாங்காம, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஓடா, செங்கலை மீன் முள்ளு மாதிரி சாய்ச்சு சாய்ச்சு அடுக்கி ஏத்தியிருக்காங்க. போன்ல படிச்சா இது ஒரு வரி. நல்ல கைடு நம்மளை சரியான மூலைல நிறுத்தி, நிமிந்து பாக்க வச்சு, கைய வச்சு அடுக்கிக் காட்டினா உடம்பே சிலிர்க்கும்.

இன்னொண்ணு, புக் பண்ணும்போதே உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எழுதிடுங்க. கோயில் கட்டடமா, ஓவியமா, கடைத்தெருவா, ராஜா கதையா. ப்ரைவேட்டா எடுக்குறதோட முழு லாபமே அதுதான். ஒண்ணும் சொல்லாம போனா எல்லாருக்கும் காட்டுற அதே ரூட்டுதான் கிடைக்கும்.

கே: கைடு உண்மையான கைடுதானான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? - வாசகர், திருச்சி

ப: இத்தாலில கைடு வேலைக்கு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், 2023ல வந்த சட்டப்படி நாடு முழுக்க ஒரே பரீட்சை, ஒரே பதிவேடு. லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட போட்டோ ஒட்டின அடையாள அட்டை இருக்கும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க, முறையா வேலை செய்றவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. குரூப்பை கூட்டிட்டு வந்து பஸ், ஹோட்டல் பாத்துக்கிற டூர் லீடர் வேற, இடத்தை விளக்குற கைடு வேற, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. "ஃப்ரீ டூர்"னு வர்றதுல கடைசில டிப்ஸ் குடுக்கணும், கூட்டமும் நெறைய இருக்கும், தனியா போற சின்னப் பசங்களுக்கு அது பரவால்ல.

கே: அம்மாவுக்கு முட்டி வலி. அவ்ளோ தூரம் நடக்க முடியுமா? - வாசகி, மதுரை

ப: முடியும், ஊரு சின்னது. ஸ்டேஷன்ல இருந்து கதீட்ரல் பத்து நிமிஷ நடை, அங்கிருந்து பழைய பாலம் இன்னொரு பத்து நிமிஷம். கஷ்டம் தூரத்துல இல்ல, கல் பாவின தரையில, அதனால நல்ல ஷூ போட வைங்க. கும்மட்டத்துக்கு மேல ஏற 463 படி, பக்கத்து மணிக்கூண்டுக்கு 414 படி, ரெண்டுலயும் லிஃப்ட் கிடையாது. அம்மாவை தயவுசெஞ்சு ஏத்தாதீங்க. கைடுகிட்ட முட்டி வலின்னு முதல்லயே சொல்லிட்டா உக்காந்து உக்காந்து போற மாதிரி ரூட் போட்டுக் குடுப்பாங்க. மெடிச்சி மாளிகை, ஸ்ட்ரோஸி மாளிகை சுவரோரமா நீளமா கல் திண்ணையே இருக்கு, பல நூறு வருஷமா தெருவுல போறவங்க உக்காந்துட்டு வர்றாங்க. ஜூலை ஆகஸ்ட்ல வெயில் ரொம்ப கடுமை, காலைலயே கிளம்பிடுங்க. கதீட்ரலுக்குள்ள போக தோளும் முட்டியும் மூடியிருக்கணும், அம்மா புடவைனா கவலையே இல்ல.

கே: திங்கக்கிழமை போறோம், பரவால்லயா? - வாசகர், சேலம்

ப: உஃபிஸி, அக்காதெமியா மியூசியம் ரெண்டுமே திங்கள் லீவு. அன்னைக்கு தெரு நடையை வச்சுக்கங்க, அக்காதெமியால இருக்குற டேவிட் சிலையை செவ்வாய்க்கு தள்ளுங்க. சிஞ்ஞோரியா சதுக்கத்துல வெளிய நிக்கிறது நகல்தான், மைக்கேலாஞ்சலோ செதுக்கினதை 1873லயே உள்ள கொண்டு போயிட்டாங்க.

கே: சைவம் கிடைக்குமா? - வாசகி, தஞ்சாவூர்

ப: ரிபொல்லித்தான்னு கீரை, பீன்ஸ், ரொட்டி போட்ட கெட்டி சூப், தக்காளியும் ரொட்டியும் சேர்ந்த பப்பா அல் பொமொதோரோ, ரெண்டும் அந்த ஊர் சாப்பாடு, நல்லா இருக்கும். கறிச்சாறு ஊத்தினாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க. தெருவண்டில விக்கிற லம்ப்ரெதொத்தோ மாட்டோட இரைப்பைல செய்றது, பேர் தெரியாம வாங்கிடாதீங்க. பர்மேசன் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற பொருளை சேர்ப்பாங்க, சுத்த சைவம்னா அதை வேணாம்னு சொல்லிடுங்க.

கே: நம்ம நாட்டு சம்பந்தமா அங்க ஏதாவது பாக்க இருக்கா? - வாசகர், சென்னை

ப: இருக்கு, இதைக் கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். கோலாப்பூர் மகாராஜா ராஜாராம் இங்கிலாந்து போயிட்டு ஊர் திரும்புற வழில 1870 நவம்பர்ல ஃப்ளாரன்ஸ்ல இறந்துட்டார், வயசு இருபதுதான். அப்ப அதுதான் இத்தாலியோட தலைநகரம். பிணத்தை எரிக்கிற வழக்கமே இல்லாத ஊர்ல தனியா அனுமதி வாங்கி, ஆர்னோ ஆத்துல முஞ்ஞோனே ஆறு வந்து கலக்கிற இடத்துல நம்ம முறைப்படி தகனம் பண்ணினாங்க. கூட வந்தவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும். அந்த இடத்துல 1874ல மண்டபத்துக்கு அடியில அவரோட மார்பளவு சிலை வச்சாங்க, பக்கத்துல இருக்கிற பாலத்துக்கே இந்தியர் பாலம்னுதான் பேரு.

வழக்கமான டூர்ல இது வராது, காஷினே பூங்காவோட கடைசி முனைல இருக்கு. ஸ்டேஷன் பக்கத்துல டி1 ட்ராம் பிடிச்சு காஷினே ஸ்டாப்ல இறங்கி, ஆத்தோரமாவே மேற்கால நெடுக நடக்கணும், நிழல் நல்லா இருக்கும். நடக்க முடியாதவங்க டாக்ஸில போயிடலாம், கைடுகிட்ட கேட்டா சேர்த்தே ஏற்பாடு பண்ணுவாங்க, ஆனா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க.