செஃபலூ: மலை, கதீட்ரல், கடல் மூன்றும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: செப்டம்பர் முதல் வாரம் நான்கு நாள் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் தங்குகிறோம். அதில் ஒரு நாள் செஃபலூ போய்வர எண்ணம். 67 வயது அம்மாவும் 9 வயது மகனும் உடன் வருகிறார்கள். கடலில் குளிக்க வேண்டும், கதீட்ரலும் மலைக்கோட்டையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நடக்குமா? அம்மா சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்.

பதில்: நடக்கும், வரிசை சரியாக இருந்தால். வந்து இறங்கியதும் கடலுக்கு ஓடி, உச்சிவெயில்வரை ஊறி, சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மலையேறக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நிழலே இல்லாத ஏற்றம் அது, பாதியில் திரும்பிவிடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: காலையில் மலை, மதியத்துக்குமுன் கதீட்ரல், வெயில் தாழ்ந்ததும் கடல்.

பலெர்மோ சென்ட்ராலே நிலையத்திலிருந்து ரீஜனல் ரயிலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். முன்பதிவு தேவையில்லை. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம். செயலியில் வாங்கியது என்றால் அது கேட்கும் செக்-இன்னை முடித்துவிட்டு ஏறுங்கள். எட்டு மணிக்குள் வண்டி பிடிப்பது நல்லது. இறங்கியதும் பழைய ஊர் பத்து நிமிட நடை. கார் எடுக்காதீர்கள், பழைய ஊருக்குள் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா பிடித்துவிடும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

மலையின் பெயர் லா ரோக்கா, உயரம் சுமார் 270 மீட்டர். கோர்சோ ருஜ்ஜேரோ தெருவிலிருந்து பிரியும் படிகளில் ஏறினால் நுழைவுச்சீட்டுக் கூண்டு வரும். சில யூரோதான், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மழையோ பலத்த காற்றோ இருந்தால் மூடிவிடுவார்கள். சுண்ணாம்புப் பாறை பல கால் பட்டு வழவழப்பாகியிருக்கிறது. செருப்பு கூடாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை மணி ஏறினால் தியானா (ரோமானியப் பெண்தெய்வம்) கோயில் எனப்படும் பெருங்கற் கட்டடம். அதையொட்டிய நீர்த்தொட்டி கோயிலைவிடப் பழையது, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. பையன் சோர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உச்சியில் கோட்டையின் அடிச்சுவர்கள்தான் மிச்சம். கதீட்ரலையும் ஓட்டுக்கூரைகளையும் நேர்கீழே பார்க்க, கோயில் மட்டத்திலுள்ள மதில் போதும். அம்மாவை ஏற்ற வேண்டாம். கதீட்ரல் சதுக்கத்தில் காபிக் கடைகள் உண்டு. மேசையில் உட்கார்ந்தால் நின்று குடிப்பதைவிட விலை கூடும், ஆனாலும் இரண்டு மணி நேர நிழலுக்கு அது கொடுக்கலாம்.

பதினொரு மணிக்குக் கதீட்ரல். சிசிலியில் பல தேவாலயங்கள் மதியம் ஒரு மணி வாக்கில் பூட்டிவிட்டு மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மலையேறிய அரைக்கால்சட்டைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள். நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1131இல் தொடங்கிய கட்டடம். 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பீடத்துக்கு மேலுள்ள, சில்லுகள் பதித்த கிறிஸ்து ஓவியத்தை (மொசைக்) அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே வெளியேறிவிடாதீர்கள். கிறிஸ்து இடக்கையில் விரித்துப் பிடித்திருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன்: ‘நானே உலகின் ஒளி’. நெற்றியில் இரண்டு முடிக்கற்றை தனியே விழுந்திருக்கும், பையனைத் தேடச் சொல்லுங்கள். நடுக்கூடத்தில் மெல்ல முன்னும் பின்னும் நடந்தால் தங்கச் சில்லுகளின் பளபளப்பு இடம் மாறும். ரோஜர் தனக்கென இங்கே வைத்த செந்நிறக் கல் சவப்பேழைகளை 1215இல் அவர் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் பலெர்மோவுக்குக் கொண்டுபோய்விட்டார். அவற்றை நீங்கள் பலெர்மோ கதீட்ரலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் கவனம் வேண்டியது பெயர்களில்தான். ‘அரஞ்சினா அல் புர்ரோ’ என்றால் வெண்ணெய் போட்ட சோற்றுருண்டை என்று நினைத்து வாங்குவார்கள். உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். இவ்வூரின் ‘பாஸ்தா ஆ தயானு’விலும் இறைச்சி உண்டு. கத்தரிக்காய் போட்ட ‘பாஸ்தா அல்லா நோர்மா’, கடலைமாவு வில்லையான ‘பனெல்லே’, புளிப்பும் இனிப்புமான ‘கபோனாத்தா’ மூன்றும் அம்மாவுக்கு ஆகும். பாஸ்தாவில் முட்டை சேர்த்ததா, பனெல்லே பொரித்த எண்ணெயில் மீனும் பொரிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ‘சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா’: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ ‘கொப்பெர்த்தோ’ என்று வந்தால் அது இருக்கைக் கட்டணம், ஏமாற்று அல்ல. இரண்டரைக்குமேல் பல அடுப்புகள் அணைந்துவிடும். சோறு கட்டாயம் வேண்டுமென்றால் பலெர்மோவில் ஈழத் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். அரிசியும் மசாலாவும் அங்கேயே கிடைக்கும்.

வெயில் கொதிக்கும் நேரத்துக்கு விட்டோரியோ இமானுவேலே தெருவின் பழைய துணி துவைக்கும் துறை பொருத்தம். படியிறங்கினால் கல்தொட்டிகளில் 22 குழாய்வாய்கள் வழியே குளிர்ந்த நீர் கொட்டும், பலவற்றுக்குச் சிங்கமுகம். ஈரப்படி வழுக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மந்த்ராலிஸ்கா அருங்காட்சியகத்தில் அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா தீட்டிய, புன்னகைக்கும் ஆணின் உருவப்படம் இருக்கிறது. அது ஒன்றுக்காகவே போகலாம்.

நான்கு மணிக்குக் கடல். மணற்கரை, குழந்தைகளுக்கு ஏற்ற ஆழமில்லாத தொடக்கம். பழைய ஊரை ஒட்டிய பகுதி இலவசம், ஆனால் நிழலோ உடை மாற்ற இடமோ இருக்காது. அம்மாவுக்காகக் கட்டணக் கரையில் குடையும் இரண்டு சாய்நாற்காலியும் எடுங்கள். மாலையில் போவதால் பாதி நாள் கட்டணம் உண்டா என்று கேட்கலாம். வெள்ளைக்கொடி என்றால் குளிக்கலாம், சிவப்பென்றால் கூடாது, மஞ்சள் என்றால் காற்று பலம். ஜெல்லிமீன் பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் எரிச்சலைக் கூட்டும்.

இந்தத் திட்டத்தைக் கெடுக்கக்கூடியது வடமேற்குக் காற்று. கரை வடக்குப் பார்த்தது. அக்காற்று வீசினால் அலையும் எழும், மலையும் மூடப்படலாம். நான்கு நாள் இருக்கிறதே, செஃபலூவை எந்த நாளென்று இப்போதே முடிவுசெய்யாமல் முந்தைய இரவு காற்று நிலவரத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். அப்போதே ரயில் வேலைநிறுத்த அறிவிப்பு ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் வண்டிகள் குறைவு. ஏழரை மணி வாக்கில் சூரியன் மறைகிறது, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதானால் திரும்பும் வண்டியின் நேரத்தையும் அதற்கடுத்த வண்டியின் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.