ஜாரெட் லெட்டோவுக்கு ராக் இசைக்குழு வெறும் பொழுதுபோக்கா?

நடிகர் பாட்டுப் பாட வந்தாலே 'பணம் இருக்கு, ஆடுறார்' என்று சொல்லிவிடுவோம். பல பேர் விஷயத்தில் அது சரியும்கூட. ஹாலிவுட் நடிகர் லெட்டோ கதை வேறு. 1998இல் அண்ணன் ஷானனோடு லாஸ் ஏஞ்சல்ஸில் 'தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்' குழுவைத் தொடங்கினார். இவர் பாட்டும் கிதாரும், அண்ணன் டிரம்ஸ்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுவது 2008 வழக்குதான். ஒப்பந்தப்படி தர வேண்டிய ஆல்பங்களைத் தரவில்லை என்று இசை நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட, இவர்கள் கலிபோர்னியாவின் ஏழு வருடச் சட்டத்தைக் காட்டினார்கள், அதாவது தனிநபர் சேவை ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தாது. வேடிக்கை என்னவென்றால், 1940களில் அந்தச் சட்டத்துக்கு நீதிமன்றத்தில் உயிர் கொடுத்தவரும் ஒரு நடிகைதான், ஒலிவியா டி ஹாவிலண்ட், வார்னர் பிரதர்ஸை எதிர்த்து! 2009இல் சமரசம் ஆகி, அதே நிறுவனத்திலேயே அடுத்த ஆல்பம் வந்தது.

அப்புறம் அந்த ஆல்பத்துக்காக 300க்கு மேல் கச்சேரிகள், கின்னஸ் சாதனை. சில வருடங்கள் சினிமாவே இல்லை. திரும்பி வந்து நடித்த படத்துக்கு 2014இல் ஆஸ்கர் வாங்கினார். பாட்டு எல்லாருக்கும் பிடிக்குமா என்பது தனிக் கேள்வி, எனக்கே பாதிதான் பிடிக்கும்.