மிக்ஸி ஓடினால் மாடியில் நெட் நின்றுபோகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறைக்குக் கேபிள் இழுக்க வழியில்லாமல், வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே நெட்டைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஜோடி வாங்கி மாட்டினோம். காலையில் மிக்ஸி ஓடினால் வீடியோ மீட்டிங் நின்றுவிடுகிறது. மிக்ஸி ஓடாதபோதும், அடாப்டர் இருக்கும் போர்டில் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் வேகம் பாதியாகிறது. நாய்ஸ் ஃபில்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மிக்ஸிக்கு வாங்கலாம். அடாப்டருக்கு மட்டும் மாட்டிவிடாதீர்கள், இருக்கிற நெட்டும் போய்விடும்.

உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மிக்ஸி கரண்ட் லைனில் மின் இரைச்சலை (நாய்ஸ்) உண்டாக்குகிறது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பறக்கும் ஒவ்வொரு தீப்பொறியும் லைனில் ஒரு துடிப்பாக ஏறுகிறது. சார்ஜரோ சிக்னலையே விழுங்குகிறது. அதன் வாசலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது சுமார் 32,000 ஓம்; இருப்பதே தெரியாது. அடாப்டர்கள் பேசிக்கொள்ளும் 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கணக்குப் போட்டால் அதே கெபாசிட்டர் 0.16 ஓம். நடைமுறையில் லீட் கம்பியால் இது கொஞ்சம் கூடும், ஆனாலும் கிட்டத்தட்ட ஷார்ட்தான். ஃபில்டர் வைத்த ஸ்பைக் பஸ்டரும் இதையே செய்யும்.

அதனால் அடாப்டரை நேராகச் சுவர் பிளக் பாயிண்டில் செருகுங்கள். அடாப்டரின் முகத்திலேயே ஒரு சாக்கெட் இருக்கும் மாடல் என்றால் சார்ஜரை அதில் போடலாம். பெரும்பாலும் உள்ளே ஃபில்டர் இருக்கும். இல்லையென்றால் சார்ஜரைச் சில மீட்டர் தள்ளி வேறு பாயிண்டுக்கு மாற்றுங்கள். இடையிலுள்ள வயரே அந்த அலைவரிசையில் நல்ல தடை.

மிக்ஸிக்கு முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பொறி அதிகம். மாற்றப் பெரிய செலவில்லை. அப்புறம் மிக்ஸி செருகும் இடத்தில், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 10 ஆம்பியர் லைன் ஃபில்டர் போடுங்கள். வயரைச் சுற்றிக் கவ்வும் ஃபெரைட் வளையத்தைப் பலர் சிபாரிசு செய்வார்கள். இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலைத்தான் அது தடுக்கும். அடாப்டரின் சிக்னல் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே போவதால், இங்கே பெரிய பலன் இருக்காது.

ஹோம்பிளக் ஏவி வகை அடாப்டர் தரவை 917 துணை அலைகளில் பிரித்து அனுப்புகிறது. இரைச்சல் விழுந்த அலைகளில் சுமையைக் குறைக்கும், பிழைபட்ட துண்டுகளை மறுபடி அனுப்பும். அதனால்தான் ஃபைல் கெட்டுப்போவதில்லை, தாமதம்தான் கூடுகிறது. ஸ்பீடு டெஸ்ட்டை விட, மாடியிலிருந்து ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் (பதில் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் சோதனை) போட்டுப் பாருங்கள். எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைக்கும்போது எதில் எண் இறங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

இதற்கும் மசியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் டிபி பாக்ஸை (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) திறந்து பார்க்கச் சொல்லுங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் மாடி வேறு ஃபேஸில் இருக்கலாம், அல்லது ஒரு பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கலாம். இரண்டு அடாப்டரும் ஒரே ஃபேஸில், இன்வெர்ட்டருக்கு ஒரே பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் வித்தியாசம் அன்றே தெரியும்.